சின்ன முதலாளி இளைத்த கதை

மனிதருக்கு மருந்து கலக்கும் கம்பவுண்டர் வேலை முடிந்ததும் கையைக் கழுவுவான். மிருகத்துக்கு மருந்து கலக்கும் கம்பவுண்டர் கழுவுவதற்கு முன்னால் விரல்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்கொள்வான்.

நான் இரண்டாவது ரகம். எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் தம் வீட்டு முன்னறையில் கிளினிக் வைத்திருந்தார். அங்கே மருந்து கலப்பது, கட்டுப்போடுவது, கடி வாங்குவது மூன்றும் என் பொறுப்பு. நீங்கள் எப்போதாவது ஒரு பூனைக்கு மாத்திரை கொடுக்க முயன்றிருந்தால், என்னைத் தனியாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் முழங்கையிலும் அதே கோடுகள் இருக்கும். ஆனால் மாத்திரையைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. பூனைக்குச் சாப்பாட்டைக் குறைப்பது. அதில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

கூடையில் வந்தவர்

ஆடி மாதம், ஜவுளிக்கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் சமயம். ஒரு காலை கிளினிக் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. முதலில் இறங்கியவர் வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக ஒரு பெரியவர். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பின்னால், இரண்டு கையாலும் ஒரு மூங்கில் கூடையை அணைத்தபடி இறங்கியவர் செல்லையா. அந்தக் கடையில் பிளவுஸ் பிட் பிரிவில் இருபது வருஷமாக நிற்பவர். மூடியைத் திறந்தோம். செம்பட்டையும் வெள்ளையுமாக ஒரு ஆண் பூனை, அளவெடுத்துத் தைத்த மாதிரி கூடையை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைச் சிப்பந்திகள் அதற்கு வைத்திருந்த பெயர் சின்ன முதலாளி. அண்ணாச்சி காதில் விழும்போது மட்டும் வெறும் பூனை.

டாக்டர் அதன் பக்கவாட்டில் கையை வைத்து அழுத்தினார், தடவினார், மறுபடி அழுத்தினார். "விலாவைத் தேடிண்டே இருக்கேன், கை உள்ள போயிண்டே இருக்கு" என்றார். போன வாரம் கிடங்கில் ஒரு பட்டுப்புடவையின் முந்தானையை எலி குதறிவிட்டதாம். அதே அலமாரியில், அதே தட்டில், சின்ன முதலாளி தூங்கிக்கொண்டிருந்தாராம். சாக்கில் கட்டி அடையாற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி. டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று செல்லையா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியதால் இந்த வருகை. அப்போதுகூடச் செல்லையாவின் கண் கலங்கித்தான் இருந்தது.

இளைக்க வைக்கலாம், ஆனால் ஆறு மாதம் ஆகும், அவசரப்பட்டால் பூனை செத்துப்போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணாச்சி தீர்ப்பு சொன்னார்: "சரி, தை பொறக்கட்டும். பொங்கலுக்குப் பொறவும் இது எலி பிடிக்கலேன்னா, பிடிக்கிற பூனை ஒண்ணு வரும், இது போவும். கடையில சும்மா உக்காந்து சாப்பிட நான் ஒருத்தன் போதும்வே!"

விறகுத் தொட்டித் தராசு

எடை குறைக்க வேண்டுமென்றால் முதலில் எடை தெரிய வேண்டும். கிளினிக்கில் இருந்தது மருந்துத் தராசு; அதில் சின்ன முதலாளியின் வாலைக்கூட நிறுக்க முடியாது. டாக்டர் வீட்டு அடுக்களைத் தராசு இரண்டு கிலோவோடு சரி. அடுத்த தெருவில் விறகுத் தொட்டி, அதாவது விறகுக்கடை, இருந்தது. சங்கிலியில் தொங்கும் பெரிய இரும்புத் தட்டுகள், படிக்கற்கள், எல்லாம் தயார். செல்லையாவும் நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

சவுக்குக் கட்டை வாங்க வந்தவர்கள் எல்லாம் வரிசையை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். தட்டு ஆடியதும் எங்கள் நோயாளி கூடையிலிருந்து குதிக்கப் பார்த்தது; பாதி குதித்ததும் களைத்துப் போய்த் திரும்ப உள்ளே உட்கார்ந்துகொண்டது. அதனால் நிறுப்பது சுலபமாக முடிந்தது. கூடையைக் கழித்து எட்டு கிலோ. அந்த அளவுப் பூனை ஐந்தேமுக்கால், ஆறு இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்லையாவின் முகம் தொங்கிப்போனதைத் தொட்டிக்காரர் பார்த்தார். அவருக்கு எதையும் விறகாகப் பார்த்துத்தான் பழக்கம். எங்களைத் தேற்றினார்: "இன்னாத்துக்கு நைனா கவலப்பட்றே? ஈரம் ஜாஸ்தியா கீது. காஞ்சா ரெண்டு கிலோ தானா கொறஞ்சிப் பூடும், வுடு!"

பதினோரு வாய்

டாக்டரின் திட்டம் எளிமையானது. நெய்ச்சோறு, பால், அப்பளம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துவது. இந்த வாரம் ஒரு பிடி, அடுத்த வாரம் இன்னொரு பிடி. அதற்குப் பதில் உப்பில்லாமல் அவித்த மீன், எப்போதாவது ஒரு முட்டை, அளவோடு. "பூனை மாமிசம் திங்கற ஜாதி. அதைச் சோத்துல வளத்துட்டு ஏன் பெருத்ததுன்னு கேட்டா?" என்றார். ஆனால் ஒரு நாள்கூடப் பட்டினி போடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அண்ணாச்சி தலையாட்டினார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் போயிற்று. தொட்டித் தராசு அதே எட்டைக் காட்டியது. அது என்னதான் சாப்பிடுகிறது என்று கேட்டால் செல்லையா, "ஒரே ஒரு வாய்தான் சார்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் நேராகக் கடைக்கே போனேன். கிடங்கில் பதினோரு சிப்பந்திகள் இரண்டு பந்தியாக உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தார்கள். சின்ன முதலாளி முதல் ஆள் எதிரே போய் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் முகத்தையே பார்த்தது. ஒரு வாய் விழுந்தது. அடுத்த ஆள். அடுத்த வாய். புளிச்சோறு, பருப்புச் சோறு, தயிர்ச்சோறு, அவியல். பார்த்துக்கொண்டிருக்கும் வாய்க்குக் கொடுக்காமல் இந்தக் கடையில் யாரும் சாப்பிடக்கூடாது என்பது அண்ணாச்சி கடை தொடங்கிய நாளில் போட்ட உத்தரவாம். ஆளுக்கு ஒரு வாய்தான், யாரும் பொய் சொல்லவில்லை.

முதலாளி உத்தரவை மாற்ற நான் யார்? பூனையை மாற்றினேன். பந்தி போடும் நேரத்தில் அதைக் கொல்லைச் சந்துக்குக் கொண்டுபோய்விடுவது என்று ஏற்பாடு. பார்க்காத வாய்க்குக் கொடுக்க வேண்டியதில்லை அல்லவா? எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், வேட்டிப் பிரிவில் இருந்த ஒருவரைத் தவிர. அவர் கையில் எடுத்த சோற்றைக் கேரியரிலேயே திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்: "அது என்னையப் பாக்கல, சரிதான் சார். ஆனா அது சந்துல நிக்கிறது எனக்குத் தெரியுதே, அதுக்கு என்ன செய்ய?"

மீனும் ஈரத்துணியும்

அவித்த மீனுக்கு வழி? கடையில் மச்ச வாடை வந்ததே கிடையாது. வாசலில் மீன் கூடை போனாலே அண்ணாச்சி சாம்பிராணி போடச் சொல்லுவார். நல்ல வேளையாகக் கொல்லைச் சந்து முனையில் கன்னியம்மா இருந்தாள். காலையில் மீன் விற்றுவிட்டு, மத்தியானம் அங்கேயே மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பவள். அவள் கஞ்சியோடு பக்கத்தில் ஒரு சட்டியில் மீனை அவித்து, முள்ளை எடுத்து, நான் காட்டிய அளவுக்கு வைப்பாள். அவள் கஞ்சி குடிக்க, இது மீன் தின்னும். முதல் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் சட்டியையும் சேர்த்து நக்கியது.

அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டார். மீன் தின்ற வாயோடு பூனை கடைக்குள் வரக்கூடாது, வாயைக் கழுவிக்கொண்டுதான் வர வேண்டும். பூனை வாய் கொப்பளிக்காது என்று நான் எடுத்துச் சொன்னேன். அப்படியானால் ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவாரும் என்றார். தினமும் மத்தியானம் செல்லையா பிடித்துக்கொள்ள, கன்னியம்மா ஈரத்துணியால் மீசை மீசையாகத் துடைத்துவிடுவாள். ஒரு நாள் அவளுக்கும் பொறுமை போய்விட்டது. துணியை என் கையில் திணித்தாள்: "இன்னா கம்பவுண்டரே, மீனத் துன்றது பூனை, வாயத் தொடைக்கிறது நானு, நடுவுல உங்க மொதலாளிக்கு இன்னா நோவுது?"

இழுத்துக்கொண்டு போன கலர்

சாப்பாடு குறைந்தால் மட்டும் போதாது, ஓடவும் வேண்டும் என்றார் டாக்டர். சின்ன முதலாளிக்கு ஓட்டம் என்றால் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அதற்கும் கீழே இறங்குவது. செல்லையாதான் வழி கண்டுபிடித்தார். பிளவுஸ் பிட் வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை ஒரு நூலில் கட்டி, கவுண்டருக்குக் கீழே இழுத்துக்கொண்டு போவார். முதலில் கண்ணை மட்டும் ஓட்டியது. அப்புறம் ஒரு கையை நீட்டியது. புரட்டாசி முடிவதற்குள் கடை நீளத்துக்கும் துரத்த ஆரம்பித்துவிட்டது. நின்று மூச்சு வாங்கும், மறுபடி துரத்தும்.

தீபாவளிக் கூட்டம் வந்தது. ஒரு சாயந்திரம் நான் போனபோது, மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு மாமி முன்னால் செல்லையா நாற்பது பிட்டாவது பிரித்துப் போட்டிருந்தார். இது வெளிர், அது அடர்த்தி, இது எங்காத்துப் பொண்ணுக்கு எடுக்காது என்று மாமி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். செல்லையா நின்ற இடத்திலேயே ஆடிப்போய்விட்டார். அந்த நேரம் பார்த்துச் சின்ன முதலாளி நூலோடு ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு மாமியின் காலடியில் குறுக்கே ஓடியது. மாமி குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்தது: "அதோ, அந்தப் பூனை இழுத்துண்டு போறதே, அந்தக் கலர்தான் ஒரு மணியா கேட்டுண்டிருக்கேன்! அதுக்கு மட்டும் எடுத்துக் குடுத்திருக்கேள்?"

சஷ்டியின் மூன்றாம் நாள்

தீபாவளி சமயம் தராசு ஏழரை காட்டியது. எனக்குச் சந்தோஷம். டாக்டருக்குத் திருப்தியில்லை. "இன்னும் குறைஞ்சிருக்கணும் கோபால். எங்கேயோ ஓட்டை இருக்கு" என்றார் என்னிடம். ஓட்டை எங்கே என்று தெரிந்தது அடுத்த வாரம்தான்.

தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கும். அண்ணாச்சி வருஷா வருஷம் ஆறு நாளும் சாப்பிடமாட்டார். இரவில் ஒரு டம்ளர் பால் மட்டும். மூன்றாம் நாள் மத்தியானம் செல்லையா கூடையோடு தனியாக ஓடி வந்தார். மூடியைத் திறந்தால் சின்ன முதலாளி தலையைத் தூக்கவில்லை. நான் வாயைப் பிரித்துப் பார்த்தேன், பிரிக்கவிட்டது. சீறவில்லை, கீறவில்லை. என் உத்தியோகத்தில் அப்படி ஒரு பூனை என்னிடம் நடந்துகொண்டதில்லை.

நடந்தது இதுதான். நமக்கு நல்லது செய்யும் விரதம் அதற்கும் செய்யாதா என்று அண்ணாச்சி பூனையையும் விரதத்தில் சேர்த்துவிட்டார். சீக்கிரம் இளைக்கும், புண்ணியத்துக்குப் புண்ணியம். அவர் குடிப்பதுபோல அதற்கும் இரவில் பால். அதையும் அது தொடவில்லை. டாக்டர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "கொழுத்த பூனையைப் பட்டினி போட்டா முதல்ல ஈரல் போகும்னு தலையால அடிச்சுண்டேனே! மஞ்சளாப் போய்ச் செத்த பூனையை நான் பார்த்திருக்கேன். இப்பவே இது ஏதாவது தின்னாகணும்" என்றார். மீனைக் காட்டினோம், முட்டையைக் காட்டினோம். முகத்தைத் திருப்பிக்கொண்டது. செல்லையா தன் டிபன் கேரியரைத் திறந்து அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கூடப் பார்த்தார். கண்ணைத் திறக்கவில்லை.

அப்புறம்தான் செல்லையா தயங்கித் தயங்கிச் சொன்னார். அண்ணாச்சியின் குடும்பம் ஊரில். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் மூன்று மணிக்குக் கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தனியாகச் சாப்பிடுவார். தனியாக என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு வருஷமாக எதிரே சின்ன முதலாளி உட்கார்ந்திருக்கும். பத்தியம் தொடங்கிய பிறகும் அது நிற்கவில்லை. பன்னிரண்டாவது வாய் அவருடையது. "அவர் எதிர்ல உக்காந்து சாப்பிட்டாதான் இதுவும் திங்கும் போலிருக்கு. நீ கூடவே போய் விஷயத்தைச் சொல்லு. விரதத்தை விடும்னு நாம சொல்ல முடியாது. அவரே முடிவு பண்ணட்டும்" என்று டாக்டர் என்னை அனுப்பினார்.

கடையில் கூட்டமில்லை. அண்ணாச்சி கல்லாவில் இருந்தார், மூன்று நாள் பட்டினியில் கன்னம் ஒட்டிப்போய். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கூடைக்குள் பார்த்தார். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுந்து கிடங்குக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "செல்லையா, உன் சோத்த எடு. அந்த மீன்காரம்மாவ உள்ள வரச் சொல்லு." யாரும் நகரவில்லை. "என்னல பாக்கே? போ!"

கன்னியம்மா அந்தக் கடைக்குள் கால் வைத்தது அன்றுதான். இலையில் மீனைப் பூனை முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். அண்ணாச்சி முன்னால் இன்னொரு இலையில் செல்லையாவின் தயிர்ச்சோறு. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். சின்ன முதலாளி தலையைத் தூக்கியது. இரண்டாவது வாய். அது கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. மூன்றாவது வாய். பூனை மீனை ஒரு தடவை நக்கியது, இன்னொரு தடவை நக்கியது, பிறகு தின்ன ஆரம்பித்தது. அண்ணாச்சி என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "முருகன்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீரு வெளிய போயி வாயத் தொறக்காதீரும்."

தை பிறந்தது

அன்றிலிருந்து ஒரு சமரச ஏற்பாடு. மூன்று மணிக்குக் கிடங்கின் கொல்லைக் கதவு திறந்திருக்கும். வாசற்படிக்கு உள்ளே அண்ணாச்சியின் இலை. படிக்கு வெளியே, சந்தில், சின்ன முதலாளியின் இலை. அதில் கன்னியம்மா அளந்து வைத்த மீன் மட்டும். இந்த இலையிலிருந்து அந்த இலைக்கு ஒரு பருக்கை போகாது. ஈரத்துணியை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. தராசு ஏழைத் தொட்டது, ஆறரை ஆயிற்று. மார்கழிக் கடைசியில் ஆறுக்குக் கொஞ்சம் கீழே நின்றபோது, தொட்டிக்காரர், காய்ந்தால் இரண்டு கிலோ குறையும் என்ற தன் விறகுக் கணக்கு தப்பவில்லை என்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

பொங்கல் கழிந்த வாரம் அண்ணாச்சி தாமே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூட வந்த செல்லையாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கெடு முடிந்துவிட்டதே! டாக்டர் பூனையின் பக்கவாட்டில் விரலை ஓட்டி, "இதோ ஒண்ணு, ரெண்டு, மூணு... விலா இருக்கு, அண்ணாச்சி" என்று சிரித்தார். நான் பயந்துகொண்டே எலியைப் பற்றிக் கேட்டேன். புதுச் சரக்கு இறங்கிய அன்று எலி ஒன்று அதன் மூக்குக்கு முன்னாலேயே ஓடியதாம். சின்ன முதலாளி அதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, எழுந்து மூன்று மணி இலைக்குப் போய்விட்டதாம். செல்லையா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி கூடையை மூடி, கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டு, ரிக்‌ஷாவில் தம் மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்தார்: "எலிக்குப் பொறி வாங்கியாச்சு வே. பொறி எலி பிடிக்கும், எதுத்தாப்புல உக்காந்து சாப்பிடுமா?"

அதற்கப்புறம் இளைக்க வேண்டிய பூனை எது வந்தாலும், அது என்ன சாப்பிடுகிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, அதன் சொந்தக்காரர் எத்தனை மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார் என்றுதான் முதலில் கேட்டேன்.